டுவெய்னின் ஐந்து தோட்டாக்கள்

ஆர்லன் ஹால்வர்சன் யார் என்று எங்கள் ஸ்டில்சன் ஊரில் கேட்டுப் பாருங்கள். "குண்டை அளவு தப்பிச் செஞ்சு சிநேகிதனைக் கொன்னவன்" என்பார்கள். சொல்லிவிட்டுக் காபியை உறிஞ்சுவார்கள். முப்பத்தைந்து வருஷம் இந்த ஊரில் ஓடிய அத்தனை வண்டிக்கும் டயர் மாட்டியவன், பனிக்காலத்தில் வழியில் நின்றுபோனவர்களைத் தேடிப்போய் இழுத்து வந்தவன் என்பதெல்லாம் ஒருத்தர் வாயிலும் வராது. ஒரு ஆளைப் பற்றி ஒரு விஷயத்துக்கு மேல் ஞாபகம் வைத்துக்கொள்ள எங்கள் ஊருக்குத் துப்பில்லை.

நானும் அவனும் பள்ளியில் ஒரே வகுப்பு. மாவட்டத்துக்குச் சாலைப் பனி தள்ளும் வண்டியை இருபத்தெட்டு வருஷம் ஓட்டினேன். நடந்தது என்ன என்று எனக்குத் தெரியும். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது மார்லிஸ் ஸ்டோக்ஸுக்காக. அவள் போன ஏப்ரலில் இறந்துவிட்டாள். இனியும் மூடிக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை. ஆர்லனுக்குத் தெரிந்தால் கோபப்படுவான். படட்டும்.

ஆர்லன் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. டயர் கடையில் கழற்றிப் போடும் ஈயத்தாலான சக்கர எடைக்கட்டிகளை வாளி வாளியாகக் கொண்டுவந்து அங்கே உருக்குவான். மேலே மிதக்கும் கசடை வழித்து எறிந்துவிட்டு, அச்சில் ஊற்றி, ஈயக்குண்டு வார்ப்பான். அதில் பெருமை ஒன்றுமில்லை. எங்கள் பக்கம் பாதி வீட்டில் ஈயச்சட்டி இருக்கிறது. ஆர்லனுக்குப் பேர் வாங்கித் தந்தது அடுத்த வேலை. அச்சிலிருந்து விழும் குண்டு எப்போதும் ஒரு மயிரிழை பருத்துத்தான் இருக்கும். டை என்கிற எஃகு வளையத்தின் வழியாக அதை நுழைத்து எடுக்க வேண்டும். பிரெஸ் என்கிற அழுத்து எந்திரத்தின் கைப்பிடியைக் கீழே இழுத்தால் குண்டு வளையத்துக்குள் நெருக்கிக்கொண்டு போய், வளையத்தின் அளவில் மறுபக்கம் வரும். பருத்த குண்டு துப்பாக்கிக்குள் நுழையாது. இளைத்த குண்டு குழல் முழுக்க ஈயத்தை அப்பிவிட்டுக் குறியைத் தவறவிடும்.

நாற்பத்தைந்து அளவு ரிவால்வருக்கு அவனிடம் இரண்டு டை இருந்தன. அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் நானூற்று ஐம்பத்திரண்டு ஒன்று, நானூற்று ஐம்பத்திநாலு இன்னொன்று. இந்தக் காலத்துத் துப்பாக்கிக்கு ஐம்பத்திரண்டு, தாத்தா காலத்துத் துப்பாக்கிக்கு ஐம்பத்திநாலு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. தன் விரலுக்குத் தெரியும் என்று ஆர்லன் பீற்றிக்கொள்வான்.

ஆனாலும் விரலை மட்டும் நம்பியவன் இல்லை. யாருக்குத் தோட்டா செய்தாலும் அவர்கள் ரிவால்வரின் சிலிண்டரை, அதாவது தோட்டா போடும் உருளையை, கழற்றி வாங்கி வைத்துக்கொள்வான். மருந்தும் குண்டும் அடைத்து முடித்த பிறகு, தோட்டாவை ஒவ்வொன்றாக அந்தச் சிலிண்டர் அறையில் போட்டுப் பார்ப்பான். அளவு சரியாக இருந்தால் அது தானாக உள்ளே விழுந்து 'டொக்' என்று அடியில் உட்காரும். அந்தச் சத்தம் வராத தோட்டா அவன் கொட்டகையை விட்டு வெளியே போனதில்லை. காசு வாங்கமாட்டான். எல்க் மான் இறைச்சி கொடுத்தால் வாங்கிக்கொள்வான்.

டுவெய்ன் ஸ்டோக்ஸ் வேலி போடுகிறவன். ஆர்லனுக்கு அவனைவிட்டால் ஆள் கிடையாது, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆர்லன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் டுவெய்ன் வீட்டில்தான் சாப்பாடு. மார்லிஸ் கேட்காமலேயே மூன்று தட்டு வைப்பாள். டுவெய்னுக்கு எப்போதும் சூரியகாந்தி விதை மெல்ல வேண்டும். தோலை ஆர்லன் கொட்டகைத் தரையிலேயே துப்புவான். ஆர்லன் திட்டுவான். இருபது வருஷமாக இவன் துப்புவதும் அவன் திட்டுவதுமாக ஓடியது.

தொண்ணூற்றாறு அக்டோபர். எல்க் வேட்டைக்கு அனுமதி தொடங்க இரண்டு நாள் இருந்த வியாழக்கிழமை. நானும் கொட்டகையில் இருந்தேன். டுவெய்னுக்கு ஐம்பது தோட்டா தயாராகப் பெட்டியில் இருந்தது.

"சிலிண்டரைக் கழட்டிக் குடு. போட்டுப் பாத்துட்டு நாளைக்குத் தர்றேன்" என்றான் ஆர்லன்.

"நாளைக்கு எமெட் வீட்டு வேலி இருக்குடா. இப்பவே குடு. நானே போட்டுப் பாத்துக்கறேன்."

"நீயா? தோட்டா போடறேன்னு சாக்குல வைக்கோல் திணிக்கிற மாதிரி திணிப்பே. நுழையலைன்னாலும் கட்டைவிரலால அழுத்தி உள்ள தள்ளிட்டு, சரியாயிடுச்சும்பே."

"இருபது வருஷத்துல ஒண்ணாவது மாட்டியிருக்கா? நீதானய்யா சொன்னே, என் கையால பருத்த குண்டு ஒண்ணு வந்தா இந்த பிரெஸ்ஸைத் தின்னுடறேன்னு."

"தின்னுவேன்டா. இப்பவும் சொல்றேன்."

"லாய்ட், நீ சாட்சி. உப்பு நான் கொண்டுவர்றேன்" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தான் டுவெய்ன். விதைத் தோலைத் துப்பினான். பெட்டியை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு போனான். நான் அவனை உயிரோடு பார்த்தது அதுதான் கடைசி.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிவாக்கில் ஆர்லன் கொட்டகையைக் கூட்டப் போயிருக்கிறான். பிரெஸ்ஸைத் துடைக்கும்போது பார்த்தால் அதில் மாட்டியிருந்தது ஐம்பத்திநாலு டை. அந்த வாரம் எமெட்டின் தாத்தா காலத்து ரிவால்வருக்கும் அவன் குண்டு செய்திருந்தான். டுவெய்னின் குண்டுகளை முடித்த பிறகு டையை மாற்றினானா, அதற்கு முன்பே மாற்றிவிட்டானா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அளந்து பார்க்கக் கொட்டகையில் டுவெய்னின் குண்டு ஒன்றுகூட மிச்சமில்லை.

சமையலறைக்கு வந்து போனைக் கையில் எடுத்தான். எடுத்தவன் கீழே வைத்துவிட்டான். காரணம் வேறொன்றுமில்லை, வீறாப்பு. சொன்னால் டுவெய்ன் அதை வைத்துப் பாரில் ஒரு தலைமுறைக்குச் சிரிப்பான். பிரெஸ்ஸை எப்போது தின்னப்போகிறாய் என்று கேட்டே கொல்வான். காலையில் தேவாலயத்தில் பார்க்கத்தானே போகிறோம், காதோடு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டான்.

டுவெய்ன் மறுநாள் தேவாலயத்துக்கு வரவில்லை. சனிக்கிழமை இருட்டும் நேரத்தில் ஓடையோரம் ஒரு எல்க்கைச் சுட்டிருந்தான். பாதி இறைச்சியை அங்கேயே மரத்தில் கட்டிவிட்டு, ஞாயிறு விடிந்ததும் எடுத்துவரப் போனான். முதுகில் சுமை வரும் என்று ரைஃபிளை வண்டியிலேயே விட்டுவிட்டான். இடுப்பில் ரிவால்வர் மட்டும். அவனுக்கு முன்னால் கரடி போய் இறைச்சியைத் தனதாக்கிக்கொண்டிருந்தது.

தேவாலயத்தின் கீழ் அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, டுவெய்னைக் கரடி கொன்றுவிட்டதாகச் செய்தி வந்தது. ஆர்லன் கேட்டான், "துப்பாக்கி?" எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆள் செத்துக் கிடக்கிறான், இவன் துப்பாக்கியைக் கேட்கிறானே என்று எனக்கே அருவருப்பாக இருந்தது. துப்பாக்கி அவன் கையருகே கிடந்ததாம். உறையிலிருந்து எடுத்திருக்கிறான். ஆறு அறையில் ஐந்தை நிரப்பி, தோட்டாவை அடிக்கும் சுத்தியலுக்குக் கீழே இருப்பதை வெறுமையாக விடுவது எங்கள் வழக்கம். ஐந்து தோட்டாவும் அப்படியே இருந்தன. அவன் ஒரு முறைகூடச் சுடவில்லை.

முதல் மாதம் ஊர் அழுதது. இரண்டாம் மாதம் பேச ஆரம்பித்தது. கையில் துப்பாக்கி இருந்தும் ஏன் சுடவில்லை? பயத்தில் கல்லாகி நின்றுவிட்டான் என்றார்கள். அடுத்த வசந்தத்துக்குள் அது பேச்சு வழக்காகிவிட்டது. சீட்டாட்டத்தில் எவனாவது எதைப் போடுவது என்று தெரியாமல் முழித்தால், "பாரு, டுவெய்ன் ஆயிட்டான்" என்பார்கள். பச்சை விளக்கு விழுந்தும் வண்டியை எடுக்காவிட்டால் பின்னால் இருப்பவன், "டேய் டுவெய்ன், போடா" என்று கத்துவான். நானும் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். இன்றைக்கும் அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஆர்லன் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவான். எங்கள் எல்லாருக்கும் துக்கம் என்றுதான் தோன்றியது. நாற்பத்தைந்து அளவுக் குண்டு வார்ப்பதை அவன் நிறுத்தியே விட்டான். என் முப்பத்தெட்டு அளவு ரிவால்வருக்கு மட்டும் செய்து தந்தான். அதையும் கொட்டகைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் செய்வான், ஜனவரியிலும். "கதவைச் சாத்தினா பின்னால யாரோ மெல்ற சத்தம் கேக்குதுடா" என்றான் ஒரு நாள். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. தரையை மூன்று முறை கழுவியும், பலகை இடுக்கிலிருந்து சூரியகாந்தித் தோல் வந்துகொண்டே இருக்கிறது என்று உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். குண்டு வளையத்துக்குள் நெருக்கி நுழைகிற நேரத்தில் கைப்பிடியைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காது கொடுப்பான். அப்போது அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும். நானும் சீக்கிரம் கிளம்பிவிடுவேன். மார்லிஸ் ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டால் வயிறு சரியில்லை, வண்டி சரியில்லை என்று ஏதாவது சொல்வான். பிறகு அவளும் கூப்பிடுவதை விட்டுவிட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு பிப்ரவரி திங்கட்கிழமை, மார்லிஸ் கொட்டகைக்கு வந்தாள். நான் என் குண்டுகளுக்காக உட்கார்ந்திருந்தேன். ரொட்டிப் பையில் சுற்றிய ரிவால்வரையும் ஒரு பழுப்பு உறையையும் மேஜைமேல் வைத்தாள்.

"போன வாரம் மாவட்டப் போலீஸ்லேர்ந்து திருப்பிக் குடுத்தாங்க. உறைக்குள்ள அந்த அஞ்சு தோட்டாவும் இருக்கு" என்றாள். "நீ துப்பாக்கி தெரிஞ்சவன், ஆர்லன். அவன் ஏன் சுடலை? பாத்துச் சொல்லு."

ஆர்லன் அதைத் தொடவில்லை. "நேரம் இருந்திருக்காது, மார்லிஸ்."

"இடுப்பு உறையிலேர்ந்து எடுக்க நேரம் இருந்துச்சு. சுட நேரமில்லையா?"

ஆர்லன் பிரெஸ்ஸைத் துணியால் துடைக்க ஆரம்பித்தான்.

"வெள்ளிக்கிழமை கூடைப்பந்துப் போட்டிக்குப் போயிருந்தேன். நம்ம பையன் ஒருத்தன் பந்தைக் கையில வெச்சுக்கிட்டு நின்னுட்டான். பின்வரிசையிலேர்ந்து ஒரு ஆம்பளை கத்தறான், 'டுவெய்ன் ஆகாதடா, போடு'ன்னு. மொத்தக் கூட்டமும் சிரிச்சுது. நான் அங்க உக்காந்திருக்கேன். அப்புறம்தான் என்னைப் பாத்தாங்க." அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "இதுபோதாதுன்னு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆறு மணிக்கு போன் அடிக்குது. எடுத்தா யாரும் பேசமாட்டாங்க. மூச்சு மட்டும் கேக்கும். மொதல்ல யாரோ வம்பு பண்றாங்கன்னு நெனச்சேன். இப்பல்லாம் அவன்தானோன்னு நெனக்கிறேன். அஞ்சே முக்காலுக்கே நாற்காலியைப் போட்டு போன் பக்கத்துல உக்காந்துடறேன். எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும், ஆர்லன். ஒரு காரணம் குடு. எதுவா இருந்தாலும் சரி. புதன்கிழமை வர்றேன்."

அவள் போனதும் ஆர்லன் கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்துவிட்டான். "போன் பண்றது நான்தான்" என்றான்.

அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் என்னிடம் கொட்டினான். டை, போன், பிரெஸ்ஸைத் தின்னும் பந்தயம், எல்லாம். சனிக்கிழமை ஆறு மணியானால் கை தானாகப் போனுக்குப் போகிறதாம். அவள் 'ஹலோ' என்றதும் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பானாம், ஒரு வார்த்தையும் வராதாம்.

"ரெண்டு வருஷமா அவனைக் கோழைங்கறாங்க. நான் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். அவன் சுத்தியலை இழுத்திருப்பான், லாய்ட். சிலிண்டர் சுத்தியிருக்காது. பருத்த தோட்டா ஒண்ணு பின்னால துருத்திக்கிட்டு நின்னா, துப்பாக்கியோட பின்தட்டுல உரசி மாட்டிக்கும். கை விறைச்சிருக்கற குளிர்ல எவனாலயும் இழுக்க முடியாது."

"போட்டுப் பாத்தாத்தானடா தெரியும்?"

"பெட்டியில மிச்சம் நாப்பத்தஞ்சு தோட்டாவும் அவ வீட்டு அலமாரியிலயேதான் இருந்துச்சு. போய்க் கேட்டு வாங்கிப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல. இப்பவும் நீதான் போடணும். என் கை ஆடுது."

சிலிண்டரைக் கழற்றினேன். உறையிலிருந்து முதல் தோட்டாவை எடுத்தேன். ஈயம் மங்கிப்போயிருந்தது. அறைமேல் பிடித்து விட்டேன். டொக். ஆர்லன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது, டொக். மூன்றாவது, நான்காவது. ஐந்தாவதை விட்டேன். அதுவும் டொக் என்று போய் உட்கார்ந்தது. சிலிண்டரைத் துப்பாக்கியில் மாட்டிச் சுற்றினேன். எங்கேயும் உரசாமல் ஓடியது. ஆர்லன் எழுந்து வந்து தோட்டாக்களைத் தானே ஒரு முறை போட்டுப் பார்த்தான். ஐந்தும் சரியாக விழுந்தன. டுவெய்னின் குண்டுகளை முடித்த பிறகுதான் அவன் டையை மாற்றியிருக்கிறான்.

"டேய்! நீ தப்பே பண்ணலடா!" என்று அவன் முதுகில் ஓங்கி அறைந்தேன். "ரெண்டு வருஷமா ஒண்ணுமில்லாததுக்குச் செத்திருக்கே. முட்டாப்பயலே, வா, பாருக்குப் போலாம்."

அவன் நகரவில்லை. "அப்போ அவன் நிஜமாவே நின்னுட்டான்" என்றான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தோட்டாவில் குற்றமில்லை என்றால், ஊர் சொன்னதுதான் உண்மை. டுவெய்ன் துப்பாக்கியை எடுத்தான், கரடியைப் பார்த்தான், நின்றுவிட்டான். அப்படி நிற்பது யாருக்கும் நடக்கும். எனக்கும் நடந்திருக்கும். ஆனால் அதை மார்லிஸிடம் யார் சொல்வது?

தோட்டாக்களைத் திரும்ப உறைக்குள் போட்டுக்கொண்டே ஆர்லன் சொன்னான். "ஒண்ணு நுழையலைன்னு சொல்லப்போறேன்."

"உனக்கென்ன மூளை கலங்கிப்போச்சா?"

"அவ காரணம் கேட்டா. என்கிட்ட ஒண்ணு இருக்கு."

"பொய்டா அது. ஊரே உன்னைக் கொலைகாரன்னும். உன் கையால இனிமே ஒருத்தனும் குண்டு வாங்கமாட்டான்."

"பாதிதான் பொய். அன்னிக்குச் சனிக்கிழமை அது பருத்ததுன்னு நெனச்சுக்கிட்டேதான் போனைக் கீழ வெச்சேன். அவன் கையில கெட்ட தோட்டா இருக்குன்னு நெனச்சேன், போய் படுத்துத் தூங்கினேன். அது நுழைஞ்சது என் சாமர்த்தியமா? நான் பண்ணினது பண்ணினதுதான்."

நான் கத்தினேன். கெஞ்சவும் செய்தேன். எனக்கு அவன்மேல் வந்த கோபத்தில் அந்தத் தோட்டாக்களை ஓடையில் வீசிவிடலாம் போலிருந்தது. ஆர்லன் பிடித்த பிடியை விடமாட்டான். டயர் கடை முதலாளியைக் கேளுங்கள்.

புதன்கிழமை மார்லிஸ் வந்தபோது நானும் இருந்தேன். வாயைத் திறக்கக் கூடாது என்று ஆர்லன் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான்.

"ஒண்ணு பருமன், மார்லிஸ்" என்றான் ஆர்லன். "என் தப்பு. டையை மாத்தாம விட்டுட்டேன். சிலிண்டர் சுத்தாம மாட்டிக்கிச்சு. அவன் சுடப் பாத்திருக்கான். முடியலை."

அவள் ஐந்து தோட்டாக்களையும் பார்த்தாள். "எது?"

ஆர்லன் ஒன்றைத் தொட்டுக் காட்டினான். அவன் விரல் நடுங்கியது. அவள் அந்தத் தோட்டாவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அறைவாள் என்று எதிர்பார்த்தேன்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"சனிக்கிழமையே சந்தேகம் வந்துச்சு. ஆறு மணிக்கு. போனை எடுத்தேன், பண்ணலை. அப்புறம் ரெண்டு வருஷமா பண்ணிக்கிட்டிருக்கேன்."

அவளுக்கு அது புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் கையால் வாயை மூடிக்கொண்டாள். 

"இதை நான் வெளியில சொல்லலாமா, ஆர்லன்?"

"சொல்லு."

துப்பாக்கியையும் உறையையும் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. டுவெய்ன் பேரை வைத்துக் கேலி பேசுவது அன்றோடு நின்றது. பாரில் அவன் படத்தை மாட்டினார்கள். வெட்கங்கெட்ட ஜனம், அவனுக்கு நடந்த அநியாயத்தைச் சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. ஆர்லன் முன்பு செய்துகொடுத்த தோட்டாப் பெட்டிகள் அவன் வாசலுக்கே திரும்பி வந்து சேர்ந்தன. ஒருவரும் கதவைத் தட்டவில்லை, வைத்துவிட்டுப் போனார்கள். எமெட் மட்டும் பெட்டிமேல் ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருந்தான்: 'எனக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.' மூடி திருகாத ஜாடி, சட்டத்தில் இடிக்கும் கதவு, எது பொருந்தாவிட்டாலும் "ஆர்லன் அளவு" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். தேவாலயத்தில் அவன் உட்காரும் வரிசையில் வேறு யாரும் உட்காருவதில்லை. நான் உட்கார்ந்தேன். எனக்கு முழங்கால் நீட்ட இடம் கிடைத்தது என்று சொல்லி அவனைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன்.

இதெல்லாம் அவனைப் பெரிதாக அசைக்கவில்லை. அவனை அறுத்தது மார்லிஸ்தான். மளிகைக் கடையில் அவனைக் கண்டால் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த அலமாரி வரிசைக்குப் போய்விடுவாள். இருபது வருஷம் கேட்காமல் தட்டு வைத்தவள். "அவளுக்கு அந்த உரிமை இருக்குடா" என்பான்.  கொட்டகையில் யாருக்கும் வேண்டாத குண்டுகளை வளையத்தில் நுழைத்து நுழைத்துக் காபி டப்பாவில் நிரப்பிக்கொண்டிருப்பான். டப்பா நிறைந்தால் திரும்ப உருக்குவான். ஒன்பது வருஷம் அப்படிப் போயிற்று.

போன மார்ச்சில் மார்லிஸ் கிரேட் ஃபால்ஸ் முதியோர் இல்லத்தில் இருந்தாள். நுரையீரல். நான் மருந்து வாங்கப் போன வழியில் பார்க்கப் போனேன். மூக்கில் குழாயோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வானிலை பேசினோம். பிறகு அவள் திடீரென்று கேட்டாள்.

"லாய்ட், அன்னிக்கு நீ கொட்டகையில இருந்தே. தோட்டா நுழைஞ்சுதா?"

சத்தியம் சத்தியம்தானே. "ஒண்ணு நுழையல" என்றேன்.

"உனக்கும் பொய் சொல்ல வரலை. அவனுக்கும் வரலை." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அந்த ஞாயித்துக்கிழமை காலையில துப்பாக்கியில தோட்டா போட்டது நான். டுவெய்ன் ரொட்டி தின்னுக்கிட்டிருந்தான், கையெல்லாம் வெண்ணெய். 'போட்டு வை மார்லிஸ்'னான். அஞ்சையும் நான்தான் போட்டேன். ஒண்ணொண்ணும் வழுக்கிட்டு உள்ள போச்சு. சிலிண்டரைச் சுத்திப் பாத்துட்டுத்தான் அவன் இடுப்பு உறையில வெச்சேன்."

நான் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன். "அப்போ ஆர்லன் சொன்னப்பவே உனக்குத் தெரியும்."

"சொல்லி முடிக்கறதுக்குள்ள தெரியும். எதுன்னு கேட்டேன் பாரு, அப்போ அவன் விரல் ஆடினது ஞாபகம் இருக்கா?"

"ஒன்பது வருஷம், மார்லிஸ்!" செவிலி திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்திவிட்டேன். "உன் ஒரு வார்த்தையில அவன் நிம்மதியா இருந்திருப்பானே. அவனை நாய் மாதிரி விட்டுட்டியே!"

"தெரியும். அன்னிக்குச் சொல்லியிருந்தா திங்கட்கிழமையே டுவெய்னைத் திரும்பக் கோழையாக்கியிருப்பாங்க. ஆர்லன் குடுத்தான், நான் வாங்கிக்கிட்டேன். அப்புறம் அவன் மூஞ்சியைப் பாக்கவே முடியலை. பாத்தா காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதுடுவேன்னு இருக்கும். கடையில கண்டாக்கூட ஓடிடுவேன்." குழாயைச் சரிசெய்துகொண்டாள். "இருக்கறவரைக்கும் டுவெய்ன் பேரு அப்படியே இருக்கட்டும். நான் போனப்புறம் அவன்கிட்ட சொல்லு. அவன்கிட்ட மட்டும்."

ஏப்ரல் மூன்றாம் வாரம் அடக்கம் முடிந்தது. ஆர்லன் சாலையின் எதிர்ப்புறம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான். நான் நேராகக் கொட்டகைக்குப் போனேன். கோட்டுகூடக் கழற்றாமல் பிரெஸ்ஸின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வெண்ணெய்க் கையை, அவள் சுற்றிப் பார்த்த சிலிண்டரை, விரல் ஆடியதை. ஒன்பது வருஷத்தை அவள் திருடிவிட்டாள் என்று அவன் கொதிப்பான் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அவன் கொதிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அவன் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தான்.

"அப்போ அவ என்னை வெறுக்கலையா?"

"இல்லடா."

"ஒரு நாளும்?"

"ஒரு நாளும் இல்ல. உன் மூஞ்சியைப் பாக்க வெக்கப்பட்டா, அவ்வளவுதான்."

"நான் அவளைக் கடையில பாத்தா மாவு மூட்டைக்குப் பின்னால போய் நின்னுக்குவேன், லாய்ட்" என்றான். "அவ போனப்புறம்தான் வெளிய வருவேன்."

அவளும் அப்படித்தான் நின்றிருந்தாள் என்று சொல்ல வந்தேன். அதற்குள் அவன் அழ ஆரம்பித்துவிட்டான்.